தமக்கான ஊர்: ஆட்டிச நிலையாளர்கள் தனிச் சமூகம் அமைக்க முடியுமா?

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் நான்கு பேர் சேர்ந்தால், பேச்சு பள்ளிச் சேர்க்கையில் தொடங்கும். தெரபி, சான்றிதழ், செலவு என்று போகும். கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: "எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்த்துக்கொள்வார்கள்?" பிள்ளைக்கு இருபத்தைந்தும் தங்களுக்கு அறுபதும் ஆகும்போது அந்தக் கேள்வி தூக்கத்தைக் கெடுக்கும். ஊருக்குச் சற்று வெளியே கூட்டாக நிலம் வாங்கி, பிள்ளைகள் காலத்துக்கும் சேர்ந்து வாழ ஒரு குடியிருப்பைக் கட்டிவிடலாம் என்று பல குடும்பங்கள் இதற்கு விடை தேடுகின்றன.

கடந்த முப்பது ஆண்டுகளில், உலகின் வேறு சில இடங்களில், ஆட்டிச நிலையாளர்களே வேறொரு கேள்வியைக் கேட்டுவருகிறார்கள். பெரும்பான்மையினரின் பேச்சு, பார்வை, சந்தடி எல்லாவற்றுக்கும் நம்மைப் பழக்கிக்கொண்டே காலம் தள்ள வேண்டுமா? நம் இயல்புக்கேற்ற ஒரு சமூகத்தை நாமே அமைத்துக்கொள்ள முடியாதா?

இரு தரப்பும் ஒரே இடத்தைக் கனவு காண்பதுபோலத் தோன்றும். பெற்றோரின் கனவில் முதன்மையானது பாதுகாப்பு. ஆட்டிச நிலையாளர்களின் கனவில் முதன்மையானது தன்னுரிமை. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் கட்டப்பட்ட இடங்கள் பல நல்ல நோக்கத்தோடு தொடங்கித் தவறான இடத்தில் போய் முடிந்திருக்கின்றன. ஆகவே கேள்வியை நான்கு படிகளாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. ஆட்டிச நிலையாளர்கள் தம் முறையில் கூடிப் பழகும் இடத்தை உருவாக்க முடியுமா? சேர்ந்து வாழும் குடியிருப்பை நடத்த முடியுமா? அதற்கான வருமானத்தைத் தாமே ஈட்ட முடியுமா? வெளியுலகைச் சாராமல் தனித்து இயங்க முடியுமா? ஒவ்வொரு படிக்கும் விடை வேறு.

யாரைப் பற்றிப் பேசுகிறோம்

உலக சுகாதார நிறுவனம் தரும் 2021ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி 127 பேரில் ஒருவர் ஆட்டிச நிலையாளர். அமெரிக்காவில் எட்டு வயதுக் குழந்தைகளிடையே 2022இல் எடுக்கப்பட்ட கணக்கு 31 பேரில் ஒருவர் என்கிறது. எண்ணிக்கை குறைவில்லை. ஆனால் அவர்கள் ஒரே மாதிரியானவர்களும் இல்லை. அதே அமெரிக்கக் கணக்கில், அறிவுத்திறன் அளவீடு கிடைத்த குழந்தைகளில் சுமார் 40 விழுக்காட்டினருக்கு அறிவுசார் குறைபாடும் சேர்ந்திருந்தது. மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டு, மதிய உணவுக் கூடத்தின் இரைச்சலைத் தாங்க முடியாமல் மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிடுபவரும் ஆட்டிச நிலையாளர்தான். நாற்பது வயதிலும் குளிக்க, உடுத்த, சாலையைக் கடக்கத் துணை தேவைப்படுபவரும் ஆட்டிச நிலையாளர்தான். பேச்சு அதிகம் இல்லாத, இரவும் பகலும் துணை தேவைப்படும் நிலையைத் தனியே சுட்ட ஒரு பெயர் வேண்டுமென்று லான்செட் இதழ் அமைத்த குழு 2021இல் பரிந்துரைத்தது. அதை வரவேற்றவர்களும் உண்டு, கடுமையாக எதிர்த்தவர்களும் உண்டு. "ஆட்டிச நிலையாளர்களின் சமூகம்" என்று சொல்லும்போது அந்த மென்பொருள் ஊழியரும் எதற்கும் துணை தேவைப்படுபவரும் அதற்குள் வருகிறார்களா என்பதே முதல் சோதனை.

சேர்ந்திருக்க விரும்பாதவர்களா?

ஆட்டிசத்துக்கு மருத்துவ உலகம் கொடுத்த தொடக்ககால விளக்கமே இந்தக் கேள்வியை அர்த்தமற்றதாக்கிவிட்டது. 1943இல் பால்டிமோர் மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில், பிறரோடு ஒட்டாத தனிமையையே இந்நிலையின் அடையாளமாகக் காட்டினார். ஒருவரோடும் ஒட்டாதவர்கள் எப்படிச் சமூகம் அமைப்பார்கள்? அரை நூற்றாண்டுக் காலம் இந்தக் கேள்வி கேட்கப்படவே இல்லை.

அதை மாற்றியவர்கள் ஆட்டிச நிலையாளர்களே. 1992இல் ஜிம் சின்க்ளேர், ஆஸ்திரேலிய எழுத்தாளர் டோனா வில்லியம்ஸ், கேத்தி கிராண்ட் ஆகியோர் சேர்ந்து ஆட்டிசம் நெட்வொர்க் இன்டர்நேஷனல் என்ற அமைப்பை அமெரிக்காவில் தொடங்கினார்கள். முழுக்க ஆட்டிச நிலையாளர்களால் நடத்தப்பட்ட முன்னோடி அமைப்பு அது. அடுத்த ஆண்டு டொரண்டோவில் நடந்த மாநாட்டில், தங்கள் பிள்ளையை இறந்துபோனதாக எண்ணித் துக்கம் காக்க வேண்டாம் என்று சின்க்ளேர் பெற்றோரிடம் நேருக்கு நேர் கேட்டுக்கொண்டார். அந்த உரை இன்றும் பேசப்படுகிறது.

பெற்றோரும் மருத்துவர்களும் நடத்தும் மாநாடுகளில் ஆட்டிச நிலையாளர்கள் காட்சிப் பொருள்போல நிற்க வேண்டியிருந்தது. கூட்டம், ஒளி, வாசனைத் திரவியம், கைகுலுக்கல் எல்லாமே வதைத்தன. ஆகவே 1996இல் நியூயார்க் மாநிலத்தின் கானண்டெய்குவா அருகே ஒரு முகாமில் தமக்கான கூட்டத்தைத் தாமே நடத்தினார்கள். ஆட்ரீட் என்று அதற்குப் பெயர். 2013 வரை அது தொடர்ந்தது.

ஆட்ரீட்டின் விதிகள் எளிமையானவை. ஆனால் யோசித்து வகுக்கப்பட்டவை. வாசனைத் திரவியம் கூடாது. கேட்காமல் படம் எடுக்கக் கூடாது, பிளாஷ் அடிக்கக் கூடாது. எந்த நிகழ்ச்சிக்கும் வந்தே ஆக வேண்டும் என்பதில்லை. அறையிலேயே இருந்தாலும் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். ஒருவர் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாலோ கைகளை உதறிக்கொண்டிருந்தாலோ யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இப்போது பேசலாமா, வேண்டாமா என்பதை நெஞ்சில் அணிந்த வண்ண அட்டையே சொல்லிவிடும். இந்த அட்டை முறையைப் பிற்காலத்தில் பல மாநாடுகள் எடுத்துக்கொண்டன. பிரிட்டனில் 2005இல் தொடங்கிய ஆட்ஸ்கேப் இதே வழியில் வந்தது. மனித மூளைகள் பலவிதமாக இயங்குவது இயல்பே என்னும், நரம்பியல் பன்மை என்று இன்று உலகெங்கும் பேசப்படும் கருத்தும், 1990களில் ஆட்டிச நிலையாளர்கள் தமக்குள் நடத்திய உரையாடல்களில் பிறந்ததுதான்.

முதல் படிக்கான விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது. கூடிப் பழகும் இடத்தை அவர்களால் உருவாக்க முடியும்; உருவாக்கியும் காட்டிவிட்டார்கள். தனிமை அவர்களின் இயல்பு என்று எண்ணியதில் பெரும்பகுதி, தம்மைச் சோர்வடையச் செய்யும் சூழலிலிருந்து அவர்கள் விலகி நின்றதன் விளைவு என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன

ஆட்டிச நிலையாளரும் சமூகவியலாளருமான டேமியன் மில்டன் 2012இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஆட்டிச நிலையாளருக்குப் பிறர் மனம் புரியவில்லை என்று சொல்லும் நாம், பிறருக்கு ஆட்டிச நிலையாளரின் மனம் புரிவதில்லை என்பதை ஏன் குறைபாடாகக் கருதுவதில்லை? புரியாமை இருபுறமும் இருக்கிறது என்றார் அவர்.

இதைச் சோதிக்க எடின்பரோ பல்கலைக்கழகத்தின் கேத்தரின் கிராம்ப்டன் குழுவினர் 2020இல் 72 பேரை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எட்டெட்டுப் பேர் கொண்ட வரிசைகள். முதலாமவர் கேட்ட கதையை இரண்டாமவரிடம் சொல்ல வேண்டும், அவர் மூன்றாமவரிடம். ஆட்டிச நிலையாளர்கள் மட்டும் இருந்த வரிசையில் செய்தி, மற்றவர்கள் மட்டும் இருந்த வரிசையில் சென்ற அளவுக்கே செம்மையாகச் சென்றது. இரு தரப்பும் கலந்த வரிசையில்தான் அதிகம் சிதைந்தது. தனிச் சமூகம் வேண்டும் என்பவர்களுக்கு இது பெரிய ஆதாரமாக அமைந்தது.

ஆனால் அதே குழுவினர் 311 பேரோடு அதை விரிவாக மீண்டும் செய்து 2025இல் வெளியிட்டபோது, மூன்று வகை வரிசைகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. இதை நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஆட்டிச நிலையாளர்கள் தமக்குள் நன்றாகவே தகவல் பரிமாறிக்கொள்கிறார்கள் என்பது இரண்டு முறையும் உறுதிப்பட்டது. மற்றவர்களோடு பழகினால் எல்லாம் குலைந்துவிடும் என்பது உறுதிப்படவில்லை. ஒத்தவர்களோடு இருப்பதில் நிம்மதியும் ஒட்டுறவும் கிடைக்கின்றன என்று பல ஆட்டிச நிலையாளர்கள் நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார்கள். அந்த நிம்மதிக்கு மதிப்பு உண்டு. அதைக் கொண்டு சுவர் எழுப்புவதற்கு நியாயம் கிடைத்துவிடாது.

காது கேளாதோர் கேட்ட பழைய கேள்வி

தனி ஊர் என்ற எண்ணத்துக்கு ஆட்டிச உலகுக்கு வெளியே ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. 1850களில் ஜார்ஜியாவைச் சேர்ந்த ஜான் ஜேக்கபஸ் ஃபிளார்னாய் என்ற காது கேளாதவர், அமெரிக்காவின் மேற்கே காது கேளாதோர் மட்டுமே ஆளும் ஒரு மாநிலம் வேண்டும் என்று எழுதினார். காது கேளாதோர் கல்விக்கான இதழில் பெரிய விவாதம் நடந்தது. எட்மண்ட் பூத் போன்ற காது கேளாத தலைவர்களே மறுத்தார்கள். அவர்களை நிறுத்தி யோசிக்கவைத்த காரணம் எளியது: காது கேளாத பெற்றோருக்குப் பிறக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் காது கேட்கும். ஒரு தலைமுறையில் அந்த மாநிலம் யாருடையது?

2000களின் நடுவில் தெற்கு டகோட்டாவில் லாரன்ட் என்ற பெயரில் சைகை மொழி பேசும் நகரை எழுப்ப மார்வின் மில்லர் என்ற காது கேளாத பத்திரிகையாளர் முயன்றார். வரைபடம் வரை வந்த அந்த நகரம் எழவில்லை.

நிஜமாகவே வாழ்ந்த காது கேளாதோர் சமூகம் யாரும் திட்டமிடாமல் அமைந்தது. மாசசூசெட்ஸ் கடற்கரைக்கு அப்பாலுள்ள மார்த்தாஸ் வினியார்ட் தீவில், 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, பரம்பரையாகக் காது கேளாமை பரவலாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் தீவில் 155 பேரில் ஒருவர் காது கேளாதவர். சில்மார்க் ஊரில் 25 பேரில் ஒருவர். அங்கே காது கேட்பவர்களும் சைகை மொழி பேசினார்கள். மீன் பிடிக்கையில், கடைத்தெருவில், ஊர்க்கூட்டத்தில் எல்லோருக்கும் அது பொதுமொழி. நோரா எல்லன் குரோஸ் 1985இல் எழுதிய நூல் இதை விரிவாகப் பதிவுசெய்திருக்கிறது. காது கேளாதோர் விலகிப் போகவில்லை; ஊர் அவர்கள் பக்கம் நகர்ந்து வந்தது.

இந்த வரலாற்றை ஆட்டிசத்தோடு ஒப்பிட்டால் இரண்டு விஷயங்கள் தெளிவாகின்றன. காது கேளாதோருக்கு ஒரு பொதுமொழி உண்டு. அது அவர்களைச் சமூகமாகக் கட்டியது. ஆட்டிச நிலையாளர்களுக்கு அத்தகைய பொதுமொழி கிடையாது. ஒருவர் பேசுவார், ஒருவர் தட்டச்சு செய்வார், ஒருவர் படங்களைக் காட்டுவார், ஒருவர் கையைப் பிடித்து இழுத்துக் காட்டுவார். அடுத்தது, தலைமுறை. ஆட்டிசத்தில் மரபணுவின் பங்கு பெரிது. ஐந்து நாடுகளின் 20 லட்சம் பேரை உள்ளடக்கிய 2019ஆம் ஆண்டு ஆய்வு அதைச் சுமார் 80 விழுக்காடு என்று மதிப்பிட்டது. அப்படியிருந்தும், ஆட்டிசமுள்ள குழந்தையின் தம்பி தங்கைகளில் ஐந்தில் ஒருவருக்கே ஆட்டிசம் இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. பெரும்பாலான ஆட்டிசக் குழந்தைகள் ஆட்டிசம் இல்லாத குடும்பங்களில்தான் தொடர்ந்து பிறப்பார்கள். தனி ஊர் ஒன்று எழுந்தாலும், அதற்கு வர வேண்டியவர்கள் எப்போதும் வெளியிலேயே பிறந்துகொண்டிருப்பார்கள். வெளியுலகத்தைத் திருத்தாமல் விட்டுவிட்டு ஊரை மட்டும் கட்டினால், அந்தக் குழந்தைகளின் முதல் இருபது ஆண்டுகளைக் கைவிட்டதாகும்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. காது கேளாதோர் தமக்குள் திருமணம் செய்துகொண்டால் மனித இனத்தில் ஒரு தனிவகையே உருவாகிவிடும் என்று அலெக்சாண்டர் கிரஹாம் பெல் 1883இல் அச்சம் தெரிவித்தார். சிறுபான்மையினர் ஒன்றாகக் கூடுவதைப் பெரும்பான்மை எப்படிப் பார்க்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பிறர் கட்டிக்கொடுத்த கிராமங்கள்

குடியிருப்பு என்ற இரண்டாம் படியில் உலகில் நிறைய அனுபவம் சேர்ந்திருக்கிறது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பிறர் கட்டிக்கொடுத்தவை. நாஜிகளிடமிருந்து தப்பி வந்த வியன்னா மருத்துவர் கார்ல் கோனிக், 1940இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் அருகே கேம்ப்ஹில் சமூகத்தைத் தொடங்கினார். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே வீட்டில் வாழ்ந்து, வயலிலும் பட்டறையிலும் சேர்ந்து உழைக்கும் முறை அது. இன்று பல நாடுகளில் நூற்றுக்கு மேற்பட்ட கேம்ப்ஹில் சமூகங்கள் இருக்கின்றன.

பெற்றோர் முயற்சியால் 1962இல் உருவான பிரிட்டனின் தேசிய ஆட்டிசம் சங்கம், பெரியவர்களுக்கான சாமர்செட் கோர்ட் என்ற வளாகத்தை 1974இல் திறந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த ஆசிரியை பெட்டி ரூத் கே, அமெரிக்காவின் ஒஹாயோவில் 1983இல் பிட்டர்ஸ்வீட் ஃபார்ம்ஸ் என்ற பண்ணைச் சமூகத்தை அமைத்தார். தோட்டம், கால்நடை, கைவினை என்று நாளின் ஒழுங்கு கண்ணுக்குத் தெரியும் வேலைகளால் அமைந்தது அங்கே. கலிபோர்னியாவின் சோனோமா நகரில் 2013இல் திறந்த ஸ்வீட்வாட்டர் ஸ்பெக்ட்ரம், நான்கு வீடுகளில் 16 பேர் வாழும் இடம். ஒலியைக் குறைக்கும் சுவர்கள், கண்ணை உறுத்தாத வெளிச்சம், ஒதுங்கி உட்காரத் தனி மூலைகள் என்று புலனுணர்வைக் கணக்கில் எடுத்தே கட்டினார்கள். கடைத்தெருவுக்கு நடந்து போகலாம். 2018இல் அரிசோனாவில் திறந்த ஃபர்ஸ்ட் பிளேஸ் ஃபீனிக்ஸ், நகரின் நடுவே 55 குடியிருப்புகள் கொண்ட கட்டடம்.

இவற்றில் பலவற்றில் மனிதர்கள் நன்றாக வாழ்கிறார்கள். ஆனால் மறுபக்கமும் பதிவாகியிருக்கிறது. சாமர்செட் கோர்ட் வளாகத்துக்குள்ளேயே மெண்டிப் ஹவுஸ் என்ற விடுதியில் ஊழியர்கள் சிலர் அங்கே வாழ்ந்தவர்களைச் சீண்டி இழிவுபடுத்தியது வெளிவந்து, 2016இல் அது மூடப்பட்டது. பெற்றோர்களே உருவாக்கிய அமைப்பின் வளாகத்தில் இது நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அன்பால் தொடங்கப்பட்ட இடம் என்பது மட்டுமே பாதுகாப்பைத் தந்துவிடாது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களோடு வாழும் லார்ஷ் சமூகத்தை 1964இல் பிரான்சில் தொடங்கிய ழான் வானியே, பல பெண்களைப் பாலியல் முறைகேட்டுக்கு உள்ளாக்கினார் என்பதை அவர் இறந்த பிறகு, 2020இல், அந்த அமைப்பே விசாரித்து அறிவித்தது. தோற்றுவித்தவரைக் கேள்வி கேட்க முடியாத எந்தச் சமூகமும் ஆபத்தானது.

இவற்றுக்கெல்லாம் பின்னணியாக நிற்பது பழைய காப்பகங்களின் வரலாறு. நியூயார்க்கின் வில்லோபுரூக் 4,000 பேருக்காகக் கட்டப்பட்டு, 1960களில் ஏறத்தாழ 6,000 பேரை அடைத்துவைத்திருந்தது. 1972இல் தொலைக்காட்சி அதன் உள்ளே நுழைந்து காட்டிய காட்சிகள் நாட்டை உலுக்கின. 1987இல்தான் அது மூடப்பட்டது. ஊருக்கு வெளியே அமைதியான இடம் என்று சொல்லப்படும்போது, அந்த நினைவுள்ள ஆட்டிச நிலையாளர்கள் அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது.

வீடு எது, காப்பகம் எது

இங்கேதான் பெற்றோர்களும் ஆட்டிச நிலையாளர்களின் அமைப்புகளும் மோதுகிறார்கள். 2006இல் தொடங்கிய ஆட்டிஸ்டிக் செல்ஃப் அட்வகசி நெட்வொர்க், மாற்றுத்திறனாளிகளை மட்டும் ஒன்றுசேர்த்து ஒதுக்கி வைக்கும் குடியிருப்புகளுக்கு அரசுப் பணம் போகக் கூடாது என்று வாதிடுகிறது. எந்நேரமும் துணை தேவைப்படுபவர்களின் பெற்றோர் பலர் இதை மறுக்கிறார்கள்: நகரின் நடுவே தனி அடுக்குமாடியில் ஒரு உதவியாளரோடு வைத்தால் எங்கள் மகன் நான்கு சுவருக்குள் தனித்துப்போவான்; வயலும் வெளியும் தோழர்களும் உள்ள வளாகத்தில்தான் அவனுக்கு வாழ்க்கை இருக்கிறது. இதுவும் அனுபவத்திலிருந்து வரும் சொல். தட்டிக்கழிக்க முடியாதது.

இந்த விவாதத்தில் எனக்குப் பெரிய தெளிவு தந்தது, 2014இல் அமெரிக்க அரசு வகுத்த ஒரு விதிமுறை. வீட்டுக்கும் காப்பகத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தூரத்தாலோ ஆட்களின் எண்ணிக்கையாலோ மட்டும் அது அளக்கவில்லை. அறைக்கதவை உள்ளே பூட்டிக்கொள்ள முடியுமா? அறைத் தோழரைத் தானே தேர்ந்தெடுக்கலாமா? பசித்தபோது சாப்பிடலாமா? எப்போது வேண்டுமானாலும் விருந்தினர் வரலாமா? வாடகைதாரருக்குரிய சட்டப் பாதுகாப்பு உண்டா? இவையே அதன் அளவுகோல்கள். இந்தக் கேள்விகளை மூன்று பேர் வாழும் நகர வீட்டிலும் கேட்கலாம், முப்பது பேர் வாழும் பண்ணையிலும் கேட்கலாம். மூன்று பேர் வீட்டிலும் சமையலறையைப் பூட்டி வைக்கிறார்கள் என்றால், அது சிறிய காப்பகம்.

சுயேச்சை என்ற சொல்லுக்கு இந்த இடத்தில்தான் பொருள் கிடைக்கிறது என்று நான் நம்புகிறேன். ஒரு சமூகம் யாரையும் சாராமல் இருப்பதால் அது சுயேச்சையாவதில்லை. அங்கே வாழ்பவர்கள் தம் நாளைத் தாமே தீர்மானிக்கிறார்கள் என்றால், உதவியாளரை நியமிப்பதிலும் நீக்குவதிலும் அவர்களுக்குச் சொல் உண்டு என்றால், பிடிக்காவிட்டால் வெளியேற வழி உண்டு என்றால், அதுவே சுயேச்சை.

உள்ளே எழும் சிக்கல்கள்

ஆட்டிச நிலையாளர்களே நடத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் உண்மையாகாது. ஒருவருக்கு அமைதி பெற முனகிக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்து அறைக்காரருக்கு அந்த முனகல் ஊசியாய்க் குத்தும். ஒருவருக்கு விளக்கு மங்கலாக இருக்க வேண்டும். உதடசைவைப் பார்த்தால்தான் பேச்சு புரியும் இன்னொருவருக்கு வெளிச்சம் வேண்டும். இரண்டும் நியாயமான தேவைகள். இவற்றைத் தீர்க்க அறைகளைப் பிரிப்பது, நேரத்தைப் பிரிப்பது, எழுதி வைத்த விதிகள் ஆகியவை உதவுகின்றன என்பதை இத்தகைய கூட்டங்களின் அனுபவம் காட்டுகிறது. பேசாமலே புரிந்துகொள்வார்கள் என்று எதிர்பார்க்காமல் எதையும் வெளிப்படையாக எழுதி வைக்கும் பழக்கம் அவர்களின் பலம்.

பேச்சில்லாதவர் நிர்வாகத்தில் எப்படிப் பங்கேற்பார் என்பது இதைவிடக் கடினம். படப் பலகை, தட்டச்சுக் கருவி, ஆம்-இல்லை அட்டை, நீண்ட நாள் கூடவே இருந்து நடத்தையைப் படித்தறிந்தவரின் சாட்சியம் என்று வழிகள் உண்டு. எதுவும் முழுமையானது அல்ல. பிறர் கையைப் பிடித்து எழுதவைக்கும் முறைகளில் யாருடைய சொல் வெளிவருகிறது என்ற ஐயம் ஆய்வுகளால் எழுந்திருக்கிறது. ஆகவே கவனம் வேண்டும். ஆனால் ஒருவர் எந்த உணவைத் தள்ளிவைக்கிறார், எந்த ஊழியர் வந்தால் முகம் மலர்கிறது, எந்த அறைக்குள் நுழைய மறுக்கிறார் என்பவையும் கருத்துகளே. அவற்றைப் பதிவுசெய்து முடிவெடுக்கும் கூட்டத்தில் வைக்காத சமூகம், பேசத் தெரிந்தவர்களின் சங்கமாகச் சுருங்கிவிடும்.

பொருளாதாரம் மூன்றாம் படி. பிரிட்டனில் 2024இல் வெளியான அரசு ஆய்வறிக்கையின்படி, ஆட்டிச நிலையாளர்களில் பத்தில் மூன்று பேருக்கே வேலை இருக்கிறது. பொது நிதி இல்லாமல், உறுப்பினர் வருமானத்தால் மட்டும் ஒரு குடியிருப்பு நடக்காது. இரவு பகலாகத் துணை தேவைப்படுபவர் ஒருவருக்கே மூன்று முறைமாற்றுப் பணியாளர்கள் வேண்டும். மருத்துவமும் அப்படித்தான். ஸ்வீடனில் 2016இல் வெளியான ஆய்வொன்றில் இறந்தவர்களின் சராசரி வயது ஆட்டிச நிலையாளர்களிடையே 54, மற்றவர்களிடையே 70 என்று தெரியவந்தது. வலிப்பும் தற்கொலையும் அதில் முக்கியக் காரணங்கள். மருத்துவமனையிலிருந்து விலகிப் போகும் ஊரை இந்த எண்கள் அனுமதிக்காது. எனவே நான்காம் படியான முழுத் தனிமை நடக்கவும் நடக்காது, விரும்பத்தக்கதும் அல்ல. உலகில் எந்த ஊரும் அப்படி வாழ்வதில்லை. ஆட்டிச நிலையாளர்களிடம் மட்டும் அதை எதிர்பார்ப்பது அநியாயம்.

ஊரே இடம் கொடுத்தபோது

கானரின் 1943ஆம் ஆண்டுக் கட்டுரையில் முதல் குழந்தையாக வரும் டொனால்ட் டிரிப்லெட்டின் வாழ்க்கை இன்னொரு பாதையைக் காட்டுகிறது. மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரில் பிறந்தவர். மூன்று வயதில் காப்பகத்தில் சேர்க்கப்பட்டு, சுமார் ஓராண்டில் பெற்றோரால் மீட்கப்பட்டவர். குடும்பத்துக்குப் பங்கிருந்த வங்கியில் பல பத்தாண்டுகள் வேலை பார்த்தார். கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், உலக நாடுகளைத் தனியே சுற்றினார். 2023இல் 89 வயதில் இறந்தார். ஊர் அவரைத் தன்னவராகவே நடத்தியது. செல்வமும் செல்வாக்கும் உள்ள வெள்ளைக் குடும்பத்துப் பிள்ளை என்பது அதற்கு உதவியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பணமில்லாத குடும்பத்துக்கும் அந்த ஏற்பு கிடைக்கும்படி செய்வதுதான் அரசின் வேலை.

இந்தியாவில், தமிழ்நாட்டில்

சட்டம் எழுத்தளவில் நம் பக்கம் இருக்கிறது. ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது; எங்கே, யாருடன் வாழ்வது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அதன் 19ஆம் பிரிவு சொல்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை உள்ளடக்கியதோடு, குறிப்பிட்ட இடத்தில்தான் வாழ வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் கூறுகிறது. 1999இல் உருவான தேசிய அறக்கட்டளையின் கீழ் நிரமயா என்ற ஒரு லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடும், கரவுண்டா என்ற வாழ்நாள் இல்லத் திட்டமும் உள்ளன. தமிழ்நாட்டில் தகுதியுள்ளோருக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை கிடைக்கிறது. ஒரு முழுநேர உதவியாளரின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு சிறிது என்பது எந்தப் பெற்றோருக்கும் தெரியும்.

தேசிய அறக்கட்டளைச் சட்டம் இன்னொரு சிக்கலையும் கொண்டுவருகிறது. பதினெட்டு வயதானதும் பெற்றோர் முதலில் செய்வது, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் சட்டப்பூர்வப் பாதுகாவலர் சான்று பெறுவது. வங்கிக் கணக்குக்கும் சொத்துக்கும் அது தேவைப்படுகிறது. ஆனால் அந்தச் சான்றோடு பிள்ளையின் கையெழுத்து மதிப்பிழந்துபோகிறது. குடியிருப்புச் சங்கத்தில் உறுப்பினராகவும் வாடகை ஒப்பந்தத்தில் ஒப்பமிடவும் சட்டத் தகுதி இல்லாத ஒருவர் எப்படித் தன் சமூகத்தை அமைப்பார்? கூடவே இருந்து முடிவெடுக்க உதவும் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் முறையை 2016ஆம் ஆண்டுச் சட்டம் முன்வைக்கிறது. அது நடைமுறைக்கு வந்தாக வேண்டும்.

நம்பிக்கைக்கும் இடமிருக்கிறது. உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்கும் சட்டத் திருத்தத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025இல் நிறைவேற்றியது. அந்த இருக்கைகளில் ஆட்டிச நிலையாளர்களும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும், உதவியாளர் துணையோடு, அமர வேண்டும். ஊராட்சிக் கூட்டத்தில் ஒலிபெருக்கியின் அளவைக் குறைக்கச் சொல்லும் ஒருவர் இருந்தால், அந்த ஊரில் ஆட்டிசக் குழந்தை வளர்வது கொஞ்சம் எளிதாகும்.

செய்ய வேண்டியது

ஆட்டிச நிலையாளர்களால் தம் சமூகத்தைத் தாமே அமைக்க முடியும். ஆட்ரீட் அதைக் காட்டிவிட்டது. அவர்கள் நிர்வாகத்தில் பங்கெடுக்கும் குடியிருப்புகளும் சாத்தியம். பொது நிதியும் பயிற்சி பெற்ற உதவியாளர்களும் வெளியார் தணிக்கையும் இருந்தால் நிலைக்கும். தனித்து ஒதுங்கிய ஊரோ யாருக்கும் நன்மை செய்யாது.

ஆகவே இன்று நிலம் பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். பேருந்தும் கடையும் மருத்துவமனையும் எட்டும் தூரத்தில் இடம் பாருங்கள். அறக்கட்டளைப் பத்திரம் எழுதும்போதே, அங்கே வாழப்போகிறவர்களுக்கு நிர்வாகக் குழுவில் வாக்குள்ள இடங்களை ஒதுக்குங்கள். அவர்கள் சார்பில் உங்களைக் கேள்வி கேட்கக்கூடிய, உங்கள் குடும்பத்தைச் சேராத ஒருவரையும் அந்தக் குழுவில் வையுங்கள். பிடிக்காவிட்டால் எப்படி வெளியேறுவது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். உங்கள் மகளோ மகனோ பேசாதவர் என்றால், அவருடைய விருப்பு வெறுப்புகளை இப்போதே எழுதத் தொடங்குங்கள். உங்களுக்குப் பிறகு வருபவர்களுக்கு அந்த நோட்டுப் புத்தகம் சொத்துப் பத்திரத்தைவிட முக்கியம். வயது வந்த ஆட்டிச நிலையாளர்கள் தமிழிலேயே எழுதுகிறார்கள், பேசுகிறார்கள் என்றால் அவர்களைத் தேடிப்போய், திட்டத்தின் முதல் கூட்டத்திலேயே உட்காரவைத்துக் கேளுங்கள். வீடு கட்டி முடித்த பிறகு கேட்டால், சுவரின் நிறத்தை மட்டுமே அவர்களால் மாற்ற முடியும்.